கட்டடம் எழும் வகை

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார்” என்பது நம் நாட்டுப் பழமொழி. வீட்டைக் கட்டுவிப்பவருக்கு நேரும் கவலையையும் செலவையும் அது சொல்லுகிறது. கட்டுபவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அவர்களைப் பற்றியே. ஒரு கட்டடம் எவ்வாறு எழுகிறது, அதில் எத்தனை பேருடைய கைகள் சேருகின்றன, பணம் எவ்வழியாக வருகிறது, தவறு நேர்ந்தால் அதன் துன்பம் யாரைச் சேருகிறது என்பவற்றைப் பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் நீங்கள் ஒருவாறு தெரிந்துகொள்ள வேண்டும். உங்களுள் சிலர் நாளை இத்தொழிலில் புகுவீர்கள். மற்றவர்களும் என்றேனும் ஒருநாள் ஒரு வீட்டைக் கட்டுவிப்பீர்கள். அல்லது பிறர் கட்டிய கூரையின் கீழ் வாழ்வீர்கள். ஆதலின் இதற்குப் புறம்பானவர் எவரும் இலர்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குச் செல்லும் பெருவழியில் நீங்கள் பயணம் செய்திருக்கலாம். அது 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. சூளகிரிக் குன்றுகளைக் கடந்ததும், புதிய தூண்கள் எழுந்து நிற்பதையும், சாரங்கள் கட்டியிருப்பதையும், ஜல்லி ஏற்றிய லாரிகள் செல்வதையும் காண்பீர்கள். ஓசூருக்கு அப்பால் ஜூஜூவாடியோடு தமிழ்நாட்டின் எல்லை முடிகிறது. அடுத்தது அத்திப்பள்ளி, அது கர்நாடகம். பெங்களூர் மாநகரம் ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர்த் தொலைவிலேயே உள்ளது.

கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில், குளிர்ச்சியான தட்பவெப்பம் உடைய ஊர் ஓசூர். 1971-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சிப்காட் என்னும் அரசு நிறுவனம் அந்தப் பத்தாண்டிலேயே இங்கே தொழிற்பேட்டை அமைத்தது. 1980-ஐ ஒட்டி அசோக் லேலண்டின் லாரித் தொழிற்சாலையும் டிவிஎஸ் நிறுவனத்தின் மொபெட் தொழிற்சாலையும் எழுந்தன. பின்னர் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை வந்தது. 2004-ஆம் ஆண்டில் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆயிற்று. 2019-ஆம் ஆண்டில் ஓசூர் மாநகராட்சி ஆயிற்று. தொழிற்சாலை ஒன்று எழுந்தால், அதனைச் சுற்றித் தொழிலாளர் வீடும், கடையும், பள்ளியும், மருத்துவமனையும் எழ வேண்டும் அல்லவா? எனவே மற்றத் தொழில்கள் வளர்ந்த இடமெல்லாம் கட்டடத் தொழில் அவற்றுக்கு முன்னே நடந்து சென்றிருக்கிறது.

இந்த வட்டாரத்தில் கட்டடக் கலை புதிதன்று. மல்லச்சந்திரம் என்னும் ஊரின் குன்றின்மேல், பெருங்கற்காலத்து மக்கள் எழுப்பிய கல்திட்டைகள் பல இன்றும் நிற்கின்றன. பலகைக் கற்களைச் சுற்றிலும் நிறுத்தி, மேலே ஒரு பெருங்கல்லை மூடியாக வைத்தார்கள். எந்தக் கல் எந்தக் கல்லைத் தாங்குகிறது என்பதை ஒரு சிறுவனும் சுற்றிவந்து கண்டுகொள்வான். இன்றைய கட்டடம் அத்தகையது அன்று. அதனைத் தாங்கும் உறுப்புகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியமாட்டா. கடைக்காலை மண் மூடுகிறது. கம்பியைக் கான்கிரீட் மூடுகிறது. கான்கிரீட்டைப் பூச்சு மூடுகிறது. பூச்சை வண்ணம் மூடுகிறது. குடிபுகுகிறவர் வண்ணத்தைப் பார்த்து மகிழ்கிறார். அவரைக் காப்பதோ உள்ளே மறைந்த கம்பியும் கடைக்காலும்.

இத்தொழிலின் நடைமுறை முழுவதையும் விளங்கிக்கொள்ள இந்த ஒரு செய்தியே திறவுகோல். ஒவ்வொரு பகுதியும் மூடப்படுவதற்கு முன் அதனைப் பார்த்து, அளந்து, எழுதி வைக்க ஒருவர் வேண்டும். வரைபடம், அனுமதி, ஒப்பந்தம், அளவுப் புத்தகம், சோதனைச் சாலை ஆகிய யாவும் இந்தத் தேவைக்கு உதவுவனவே. இதனை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

ஓசூருக்கு அருகே ஒருவர் இயந்திர உதிரிப் பாகங்கள் செய்யும் சிறு தொழிற்கூடம் ஒன்று கட்ட எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் அறியவேண்டுவது தம் மனையின் மண்ணை. இப்பக்கத்தில் மேலே செம்மண், கீழே பாறை. ஒரு மூலையில் முழங்கால் ஆழத்திலேயே பாறை தட்டும். மற்றொரு மூலையில் முன்பு பள்ளமாயிருந்து பிறகு மண் கொட்டி நிரப்பிய இடம் இருக்கும். ஒரே சுவர் பாதி பாறையின்மேலும் பாதி கொட்டிய மண்ணின்மேலும் நின்றால், ஒரு பாதி அமிழும், மற்றப் பாதி அமிழாது, சுவர் பிளக்கும். ஏரிகள் மலிந்த ஊர்களில் ஏரி உட்புறத்திலும் நீர்க்கால்களிலும் மனை பிரித்து விற்பாரும் உண்டு. அங்கே கட்டுவது தவறு என்பதைச் சட்டம் சொல்லுமுன் மழையே சொல்லிவிடும். ஆதலால் மண் பரிசோதனைக்குச் செலவிடும் தொகை வீண்செலவு ஆகாது.

அடுத்து வருபவர்கள் கட்டடக் கலைஞரும் கட்டமைப்புப் பொறியாளரும். அறைகள் எங்கே, வெளிச்சம் எப்படி, வண்டிகள் வந்து திரும்ப இடம் எவ்வளவு என்பவற்றை முன்னவர் வகுக்கிறார். தூண் எவ்வளவு பருமன், அதனுள் எத்தனை கம்பி என்பதைப் பின்னவர் கணக்கிடுகிறார். இவ்விரு வேலைகளையும் ஒருவரே செய்வதும் உண்டு; எனினும் இரண்டும் வேறு வேறு அறிவு என்பதை மறத்தல் கூடாது. இவர்கள் வரைந்த படத்தைக் கொண்டு, மண் எத்தனை கன அடி தோண்ட வேண்டும், செங்கல் எத்தனை, சிமெண்டு எத்தனை மூட்டை, கம்பி எத்தனை டன் என்று பட்டியல் செய்து விலை போடுவதற்கு மதிப்பீடு என்று பெயர்.

படம் ஆயத்தமானதும் அனுமதி பெறவேண்டும். ஊராட்சி, மாநகராட்சி, நகர் ஊரமைப்புத் துறை என, இடத்துக்கும் கட்டடத்தின் அளவுக்கும் ஏற்ப அனுமதி தருவோர் வேறுபடுவர். தெருவிலிருந்து எவ்வளவு இடம் விடுவது, எத்தனை மாடி எழுப்பலாம் என்பவற்றைத் தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வகுத்துள்ளன. தொழிற்கூடமாயின், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் ஒப்புதலும் வேண்டும். தீயணைப்பு வண்டி நுழைய வழி விடச் சொல்வதைச் சிலர் தொல்லையாகக் கருதுகிறார்கள். நெருப்புப் பற்றிய நாளில் அவ்வழியின் அருமை விளங்கும்.

வீடுகளைக் கட்டி விற்பதற்கு மற்றொரு சட்டமும் உண்டு. 2016-ஆம் ஆண்டின் மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி, மனையின் பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேற்பட்டாலோ, வீடுகள் எட்டுக்கு மேற்பட்டாலோ, விளம்பரம் செய்யுமுன் திட்டத்தைப் பதிவு செய்யவேண்டும். வாங்குவோரிடமிருந்து பெறும் பணத்தில் நூற்றுக்கு எழுபது பங்கைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, நிலத்துக்கும் அந்தக் கட்டடத்துக்குமே செலவிடவேண்டும். ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பில் குறை தோன்றினால் கட்டி விற்றவர் தம் செலவில் சீர்செய்ய வேண்டும்.

இப்போது நம் தொழிற்கூடத்துக்காரர் ஒப்பந்தக்காரரைத் தேடுகிறார். ஒப்பந்தம் பெரும்பாலும் மூன்று வகைப்படும். பொருளையெல்லாம் உடையவரே வாங்கிக் கொடுத்து, வேலைக்கு மட்டும் கூலி பேசுவது ஒன்று. அதிலே பொருள் சேதமானாலும் வேலை செய்பவருக்கு நட்டமில்லை. ஆகையால் உடையவர் நாள்தோறும் அருகில் இருக்க நேரும். சதுர அடிக்கு இவ்வளவு என்று பொருளும் கூலியும் சேர்த்துப் பேசுவது இரண்டாவது. அது எளிது, ஆயின், மூடப்படும் இடத்தில் ஒரு கம்பியைக் குறைத்தால் அது ஒப்பந்தக்காரருக்கு ஆதாயமாகி விடுகிறது. ஒவ்வோர் இன வேலைக்கும் தனித்தனி விலை பேசி, செய்த அளவுக்குப் பணம் கொடுப்பது மூன்றாவது. அதிலே அளவு பற்றிய வழக்கு எழக்கூடும். எந்த வகையிலும் நேர்மையாக நடக்கலாம். எந்த வகையிலும் ஏமாற்றலாம். எவ்விடத்தில் ஏமாற்றம் நுழையக்கூடும் என்பதை அறிந்து, அவ்விடத்தில் காவல் வைப்பதே அறிவுடைமை.

அரசாங்க வேலைகளில் இந்தக் காவல் எழுத்து வடிவில் அமைந்திருக்கிறது. வேலையை விளம்பரம் செய்து ஒப்பந்தப்புள்ளி கோருவார்கள். தமிழ்நாட்டில் இதற்கென 1998-ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இயற்றப்பட்டது. வேலை நடக்கும்போது பொறியாளர் களத்துக்கு வந்து, முடிந்த பகுதியின் நீளம், அகலம், ஆழம் ஆகியவற்றைத் தாமே அளந்து, அளவுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திடுவார். அதன் பக்கங்களுக்கு எண் இடப்பட்டிருக்கும், கிழிக்க இயலாது. அதில் ஏறிய அளவுக்குத்தான் பட்டியல், பட்டியலுக்குத்தான் பணம். கொடுக்கும் பணத்திலும் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, குறிப்பிட்ட காலம் வரை குறை தோன்றாவிட்டால் பிறகு கொடுப்பார்கள். நீங்கள் ஆறாம் வகுப்பில் கற்ற பரப்பளவும் கன அளவும் இந்தப் புத்தகத்தில் கோடிக்கணக்கான ரூபாயைத் தீர்மானிக்கின்றன. கணக்கு ஆசிரியனாக இருந்தவன் என்ற முறையில் இதனைச் சொல்லுவதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு.

பணம் வரும் வழியை இன்னும் சிறிது பின்தொடர்வோம். ஒப்பந்தக்காரர் முதலில் தம் கையிலிருந்து செலவு செய்கிறார். சிமெண்டுக் கடையிலும் கம்பிக் கடையிலும் கடன் வாங்குகிறார். கம்பி வேலையை ஒருவருக்கும், பலகை அடைக்கும் சென்டிரிங் வேலையை ஒருவருக்கும், மின்சார வேலையை ஒருவருக்கும் உள் ஒப்பந்தமாகப் பிரித்துக் கொடுக்கிறார். அவர்கள் மேஸ்திரிகளை அமர்த்துகிறார்கள். மேஸ்திரி தம் ஊரிலிருந்தோ, வேறு மாநிலத்திலிருந்தோ முன்பணம் கொடுத்து ஆட்களை அழைத்து வருகிறார். மேலே ஒரு பட்டியல் ஒரு மாதம் நின்றுவிட்டால் அந்தத் தாமதம் படிப்படியாக இறங்கிக் கூலியாளின் சனிக்கிழமைக் கூலியில் வந்து முடிகிறது. அவருக்குக் கடன் கொடுக்க அவருக்குக் கீழே எவரும் இல்லை.

அந்தக் கடைசிப் படியில் இருப்பவர்கள் யாவர்? கொத்தனார் சுவர் எழுப்புபவர்; தூக்குக்குண்டும் இரசமட்டமும் மூலைமட்டமும் அவருடைய கருவிகள். கம்பி கட்டுபவர் வரைபடத்தைப் படித்துக் கம்பியை வளைப்பவர். சென்டிரிங் தச்சர், ஈரக் கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும் அமைப்பவர். பெரியாளும் சித்தாளும் கலவையும் கல்லும் சுமந்து கொடுப்பவர்கள். சித்தாள்களிற் பெரும்பாலோர் பெண்கள். ஆண் ஒருவர் கையாளாகச் சேர்ந்து சில ஆண்டுகளில் கரணை பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுகிறார். பெண்கள் சித்தாளாகச் சேர்ந்து சித்தாளாகவே ஓய்வதைத்தான் பெரும்பாலும் காண்கிறோம். கரணைக்கு ஆண் என்றும் பெண் என்றும் தெரியாது. கற்றுக்கொடுப்பார் இல்லாமையே குறை.

இனிப் பொருள்களைப் பார்ப்போம். கிருஷ்ணகிரி மாவட்டம் கருங்கல்லுக்குப் பேர்பெற்றது. இங்கே வெட்டப்படும் கல் மெருகேற்றிய பலகையாக வெளிநாடுகளுக்கும் செல்கிறது. ஜல்லியும், பாறையை அரைத்துச் செய்யும் எம்-சாண்ட் என்னும் மணலும் உள்ளூர்க் கட்டடங்களுக்குப் பயன்படுகின்றன. ஆற்று மணல் அருகிவிட்டமையால் எம்-சாண்ட் இன்று இன்றியமையாததாயிற்று. ஆயின், கல் உடைக்கும் ஆலையில் எஞ்சும் தூளையே எம்-சாண்ட் என்று விற்பதும் உண்டு. ஒரு கண்ணாடிக் குப்பியில் பாதி மணலும் மேலே நீரும் இட்டுக் குலுக்கி, சில மணி நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். மணல் கீழே தங்கும். நுண்தூள் அதன்மேல் தனிப் படலமாகப் படியும். படலம் தடித்திருந்தால் அந்த மணல் ஆகாது. இச்சோதனைக்குச் செலவு ஒன்றுமில்லை.

கம்பிக்கும் ஓர் எளிய கணக்கு உண்டு. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதனை அதனாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால், ஒரு மீட்டர்க் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மில்லிமீட்டர்க் கம்பியாயின், 144-ஐ 162-ஆல் வகுக்க, ஏறத்தாழ 0.89 கிலோ. வழக்கமான 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று பத்தரைக் கிலோவுக்குச் சற்று மேல் இருக்கவேண்டும். 162 எங்கிருந்து வந்தது? எஃகின் எடை கன மீட்டருக்கு 7,850 கிலோ என்பதையும், வட்டத்தின் பரப்புச் சூத்திரத்தையும் கொண்டு நீங்களே கண்டுபிடியுங்கள், நல்ல பயிற்சி.

கான்கிரீட்டுக்கு வருவோம். எம் 20 என்று ஒரு தரம் சொல்லுவார்கள். 15 சென்டிமீட்டர்ப் பக்கமுள்ள கனசதுரக் கட்டியாக அதை வார்த்து, 28 நாள் நீரில் வைத்து, இயந்திரத்தில் அழுத்திப் பார்த்தால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் விசையைத் தாங்கவேண்டும் என்பது அதன் பொருள். அக்கட்டியின் எடை எட்டுக் கிலோ அளவுதான். அது தாங்கும் சுமையோ ஏறத்தாழ 45 டன். இத்தகைய வலிமையைக் கெடுப்பதற்குப் பெரிய சூழ்ச்சி வேண்டியதில்லை. ஒரு வாளித் தண்ணீர் போதும். 50 கிலோ சிமெண்டு மூட்டைக்கு 25 லிட்டர் அளவில் நீர் சேர்ப்பது பொருத்தம். கலவை இளக்கமாக இருந்தால் தள்ளிப் பரப்புவது எளிது என்று மேலும் மேலும் நீர் ஊற்றினால், அந்த மிகுதி நீர் பின்னர் ஆவியாகி, இருந்த இடத்தில் நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. வலிமை குறைகிறது.

அளவுக்கு மிஞ்சிக் கலவையில் ஊற்றக்கூடாத அதே நீரை, இறுகிய பிறகு தாராளமாகக் கொடுக்கவேண்டும். இதற்கு நீராற்றுதல் என்று பெயர். சிமெண்டு காய்ந்து கெட்டியாவதில்லை; நீரோடு இரசாயன முறையில் சேர்ந்து கெட்டியாகிறது. எனவே சாதாரணச் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாளும், பிற பொருள்கள் கலந்த சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாளும் ஈரம் காக்க வேண்டும் என்று இந்தியத் தர அமைவனத்தின் 456-ஆம் எண் நெறிநூலின் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு கூறுகிறது. முட்டுகளை எடுப்பதற்கும் அது நாள் குறித்துள்ளது. நாலரை மீட்டருக்கு மேற்பட்ட அகலமுள்ள தளத்துக்கு 14 நாள்; ஆறு மீட்டருக்கு மேற்பட்ட உத்தரத்துக்கு 21 நாள். வெப்பநிலை 15 பாகைக்குக் குறையாத இடத்துக்கே இக்கணக்குப் பொருந்தும். மார்கழி இரவில் ஓசூரின் குளிர் அதற்கும் கீழே இறங்குவது உண்டு. அப்போது இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும்.

“இன்றைய வேகத்துக்கு இந்தப் பொறுமை ஒத்துவருமா?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. போச்சம்பள்ளியை அடுத்து 500 ஏக்கர் நிலத்தில் அமைந்த ஓலா மின்சார இருசக்கர வண்டித் தொழிற்சாலையின் கட்டட வேலை 2021-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆரம்பமாயிற்று. அந்த ஆண்டு முடிவதற்குள் வண்டிகள் வாங்கியவர்களின் கைக்கு வந்துவிட்டன. பெருந்தொழிற்சாலைகளை விரைவாக எழுப்புவதற்கு முறைகள் உண்டு. தூண்களையும் சட்டங்களையும் வேறிடத்தில் எஃகிலோ முன்வார்ப்புக் கான்கிரீட்டிலோ செய்து கொண்டுவந்து பூட்டுவார்கள்; ஒரே காலத்தில் பல இடங்களில் வேலை நடத்துவார்கள்; எந்தப் பொருள் எந்த நாளில் வரவேண்டும் என்பதை முன்னரே வரையறுப்பார்கள். ஒழுங்கான ஏற்பாட்டினால் பெறும் வேகம் போற்றத்தக்கது. 14 நாள் நிற்கவேண்டிய முட்டை 8-ஆம் நாளில் தட்டி எடுத்துப் பெறும் வேகம் அத்தகையது அன்று.

மறைந்த பகுதியில் தவறு இருந்தால் என்ன நேரும் என்பதற்குத் தமிழ்நாடே ஒரு துயரச் சான்று கண்டிருக்கிறது. 2014-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் மாலை, சென்னை போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து தரைமட்டமாயிற்று. அறுபத்தொருவர் இறந்தனர். அருகில் எழுந்திருந்த அதன் இணைக் கட்டடத்தையும் 2016-ஆம் ஆண்டு நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்க நேர்ந்தது. இறந்தவர்களிற் பெரும்பாலோர் யார்? கூலிக்கு வந்த ஆண்களும் பெண்களும். அவர்கள் தூணின் கணக்கைப் போட்டவர்கள் அல்லர். மண்ணைச் சோதித்தவர்கள் அல்லர். அனுமதியில் கையெழுத்திட்டவர்களும் அல்லர். மேலே இருப்பவர் மேசைமேல் செய்யும் பிழைக்குக் கீழே இருப்பவர் உயிரைக் கொடுக்க நேர்கிறது. பொறியாளராக விரும்பும் மாணவர்கள் இதனை மறக்கலாகாது.

பெருவிபத்துகள் செய்தித்தாளில் வருகின்றன. சாரம் சறுக்கி ஒருவர் விழுவதும், தோண்டிய பள்ளத்தின் கரை சரிந்து ஒருவர் புதைவதும், ஈரக் கையால் மின்கம்பியைத் தொடுவதும் பல வேளைகளில் ஊர் எல்லையைக் கடந்து தெரிவதில்லை. தலைக்கவசம், இடுப்பு வார், சாரத்துக்குக் கைப்பிடிக் கழி, பள்ளத்துக்குப் பக்கத் தாங்கல் ஆகிய நான்கும் விலைமிகுந்தவை அல்ல. மதிப்பீடு போடும்போதே இவற்றுக்கு ஒரு வரி எழுதிவிட்டால் பிறகு இல்லை என்ற பேச்சு எழாது.

இங்கே எல்லைப் புறத்துக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்லவேண்டும். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து பலர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குச் செல்லுவது நெடுநாள் வழக்கம். அதே வேளையில், ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து ஓசூர்ப் பக்கம் வேலைக்கு வருகிறார்கள். ஒரே வேலையிடத்தில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் இந்தியும் ஒலிக்கின்றன. “கீழே நில்லாதே, கல் விழும்” என்ற எச்சரிக்கை விளங்காத மொழியில் சொல்லப்பட்டால் அது எச்சரிக்கை ஆகுமா? பல மொழி பேசும் இந்த வட்டாரத்து இளைஞர்களுக்கு இயல்பாகவே வாய்த்துள்ள ஒரு தகுதி, இவ்விடத்தில் உயிர்காக்கும் தகுதியாகிறது.

தொழிலாளர் நலனுக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ், 1994-ஆம் ஆண்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. நடுவணரசு 1996-ஆம் ஆண்டில்தான் நாடு முழுமைக்கும் இதுபற்றிச் சட்டம் இயற்றிற்று. கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை தீர்வையாகப் பெற்று, அத்தொகையை நல வாரியம் வழியாகத் தொழிலாளர்க்குச் செலவிடவேண்டும் என்பது ஏற்பாடு. விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, முதுமையில் ஓய்வூதியம் ஆகியவை அதிலிருந்து வருவன. 2025-ஆம் ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் அந்த 1996-ஆம் ஆண்டுச் சட்டங்கள் அடங்கிவிட்டன. எனினும் ஓர் அடிப்படை மாறவில்லை. 18 வயது நிறைந்து 60 வயது நிறையாதவர், முந்தைய பன்னிரண்டு மாதத்தில் குறைந்தது 90 நாள் கட்டட வேலை செய்திருந்தால் பதிவு பெறத் தகுதியுடையவர்.

தொண்ணூறு நாள் என்பது பெரிய நிபந்தனை அன்று. ஆனால் அதற்குச் சான்று வேண்டும். ஒரு மாதம் ஓசூரில் ஒரு மேஸ்திரியிடமும், ஒரு மாதம் அத்திப்பள்ளியில் வேறொரு மேஸ்திரியிடமும், ஒரு மாதம் பெங்களூரில் இன்னொருவரிடமும் வேலை செய்தவருக்கு யார் சான்று தருவார்? சுவரின் ஒவ்வொரு கன அடியும் அளவுப் புத்தகத்தில் ஏறிவிட்டது. அதை எழுப்பியவர் பெயரோ பல வேளைகளில் மேஸ்திரியின் சட்டைப்பைக் குறிப்பேட்டோடு நின்றுவிடுகிறது. கூலிப் பதிவேட்டில் ஒரு வரி எழுதாமையால், விபத்து நேர்ந்த குடும்பம் சட்டம் கொடுத்த உதவியை இழக்கிறது. கம்பியை மூடுமுன் அளந்து எழுதவேண்டும் என்றோமே, அதே விதி ஆளுக்கும் உரியது. வேலை முடிந்து சாரத்தைப் பிரித்துவிட்டால் அங்கே யார் உழைத்தார் என்பதற்கு வேறு அடையாளம் இராது.

கட்டி முடித்ததோடு பொறுப்பும் முடிவதில்லை. 1950-களில் தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே எழுந்த கிருஷ்ணகிரி அணை இந்த மாவட்டத்துப் பெருங்கட்டுமானங்களுள் ஒன்று. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் உழைத்தபின், 2017-ஆம் ஆண்டு நவம்பரில் அதன் இரும்பு மதகு ஒன்று உடைந்து, தேங்கிய நீர் வெளியேறிற்று. பின்னர்ப் புதிய மதகுகள் பொருத்தப்பட்டன. கல்லுக்கு ஓர் ஆயுள். இரும்புக்கு வேறோர் ஆயுள். அந்தந்த உறுப்பை உரிய காலத்தில் பார்த்து, கண்டதை எழுதி வைப்பதும் கட்டடத் தொழிலின் ஒரு பிரிவே.

மாணவர்களே, இத்தொழிலில் புக விரும்புவோருக்குப் பல வாயில்கள் உண்டு. தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்சார வேலையோ, குழாய் வேலையோ, படம் வரைதலோ கற்கலாம். பாலிடெக்னிக்கில் கட்டடப் பொறியியல் பட்டயம் பெறலாம். கல்லூரியில் பட்டம் பெறலாம். நிலமளத்தல், அளவுக் கணக்கு, தரச் சோதனை, பாதுகாப்பு அலுவல் என்று தனித்தனித் துறைகளிலும் தேர்ச்சி பெறலாம். எவ்வாயிலில் நுழைந்தாலும் முதல் ஆண்டை வேலைக்களத்திலே கழியுங்கள். ஒரு தளம் வார்க்கும் நாளில் விடியற்காலை முதல் கடைசிச் சட்டி கலவை விழும் வரை நின்று பாருங்கள். மூத்த கொத்தனாரை அண்ணன் என்று அழைத்து, அறியாததைக் கேளுங்கள். அவர் பட்டம் பெறாதவராக இருக்கலாம்; ஆனால் சுவரின் ஓரத்தைக் கண்ணால் நோக்கியே சாய்வைச் சொல்லும் பயிற்சி அவரிடம் உண்டு. அவர் சொன்னதைத் தூக்குக்குண்டு வைத்துச் சரிபார்க்கும் பழக்கம் உங்களிடம் இருக்கட்டும். அவர் அதற்கு வருந்தமாட்டார். நல்ல தொழிலாளி அளவுகோலுக்கு அஞ்சுவதில்லை.

ஒரு குறிப்பேடும் ஓர் அளவுநாடாவும் எப்போதும் கையில் இருக்கட்டும். மூடப்போவதை மூடுமுன் அளந்து எழுதுங்கள். முட்டு வைத்த நாளை எழுதுங்கள். எடுத்த நாளையும் எழுதுங்கள். அன்று வேலைக்கு வந்தவர் ஒவ்வொருவருடைய பெயரையும், சித்தாளின் பெயர் உட்பட, விடாமல் எழுதுங்கள். அவசரம் என்று சொல்லி எவரேனும் உங்களைக் கையெழுத்திடச் சொன்னால், நீங்கள் கண்ணால் காணாததற்குக் கையெழுத்து இடாதீர்கள். இவ்வொழுக்கத்தோடு இத்தொழிலில் புகுவோர் பெருகுவார்களாக. நீங்கள் எழுப்பும் கட்டடங்கள், அவற்றில் வாழ்பவர்க்கும் அவற்றை எழுப்பியவர்க்கும் ஒருங்கே காவலாக நிற்கட்டும்.